தகரத்தின் கீழ்ப்பக்கம்

சுனாமி வந்த வருடம் நான் மட்டக்களப்புக்கு அருகே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் படித்து முடித்து, அங்கேயே ஆய்வுகூடத்தில் முதலாம் வருட மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் தற்காலிக வேலையில் இருந்தேன். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த மணல் நிலத்தில் இருந்தது. அம்மாவையும் வீட்டையும் ஒரே காலையில் இழந்தோம். அந்தக் காலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுத முயன்ற ஒவ்வொரு தடவையும் வேறு யாருடையவோ வார்த்தைகள்தான் வந்து விழுந்திருக்கின்றன. இது அதற்குப் பிறகு, அப்பாவும் நானும் தம்பியும் ஒரு தகரக் கொட்டிலில் இருந்த காலத்தைப் பற்றியது.

அப்பா பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தார். தம்பி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துக்கொண்டிருந்தான். முதலில் பாடசாலை மண்டபம், பிறகு தறப்பாள் கூடாரம், அதன் பிறகு தன்னாமுனைக்குச் சற்று அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில், வாவிக் கரையில் போட்ட தற்காலிக முகாம். நீளமான கொட்டில்கள். ஒவ்வொன்றையும் குறுக்கே தகரத்தால் மறித்து ஐந்தாறு குடும்பங்களுக்குப் பிரித்திருந்தார்கள். கூரையும் தகரம், சுவரும் தகரம். எங்களுக்குக் கிடைத்தது வரிசையின் கடைசி அறை. பின்சுவருக்கு அப்பால் கொஞ்சம் மணல், கொஞ்சம் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றை, பிறகு தண்ணீர். சில மாதங்களில் கல்வீடு தருவோம் என்றார்கள். கடற்கரையிலிருந்த பழைய காணியில் கட்ட அனுமதியில்லை. புதிய காணி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே ஒரு வருடம் போயிற்று.

இரண்டாம் வருடம் வெயில் கூடிவிட்டது என்று முகாமில் எல்லோரும் சொன்னார்கள். பத்து மணிக்கே கொட்டிலுக்குள் இருக்க முடியாது. பெண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு தென்னை நிழலுக்குப் போனார்கள். பிள்ளைகளின் முதுகெல்லாம் வேர்க்குரு. கடல் பொங்கியதில் பூமியே மாறிவிட்டது என்று சிலர் பேசினார்கள். நான் அதை மறுக்கவில்லை. எனக்கும் வெயில் கூடியது போலத்தான் இருந்தது.

அந்த வருடம்தான் சண்டை மறுபடியும் மூண்டது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு ஷெல் போகும். சத்தம் எங்கள் தலைக்கு மேலால் போகும்போது கூரைத் தகரம் அதிரும். அதைவிட அருகில் வேறொன்று நடந்தது. வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரியூசனுக்குப் போனவன், கடைக்குப் போனவன், கோயிலில் நின்றவன் என்று ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பிடித்தது யார் என்று நான் எழுதவில்லை. அப்போதும் நாங்கள் பெயர் சொல்லிப் பேசியதில்லை. ‘அவங்க’ என்போம். எந்த ‘அவங்க’ என்று கேட்பவருக்கு விளங்கிவிடும்.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் முகாமுக்கு வந்து, வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அப்பா தம்பியைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினார். கொழும்பில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். முகாமே பார்த்துக்கொண்டிருக்கத் தம்பி பையோடு போனான். ஆனால் அவனிடம் அடையாள அட்டை இல்லை. சுனாமியில் போனதுக்குப் பிறகு புதியது எடுக்கப் பதிந்திருந்தோம், வரவில்லை. பாடசாலைக் கடிதத்தைச் சோதனைச்சாவடியில் ஏற்றுக்கொள்ளவில்லை. இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரம் பேய்மழை. தோட்டத்தில் ஒருவரும் இல்லாத நேரம், நனைந்து ஒழுகிக்கொண்டு பின்பக்கத்தால் வந்து நின்றான். அவன் போனதை எல்லோரும் கண்டார்கள். திரும்பி வந்ததை ஒருவரும் காணவில்லை.

அப்பா அவனை உள்ளே இழுத்துத் துவாயைக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “சரி. இனி நீ கொழும்பிலதான் இரிக்கிறாய்.”

அறையின் பின்பாதியைப் பலகையாலும் பழைய தகரத்தாலும் மறித்தோம். பாய் போட்டால் சுற்றி நடக்க இடமில்லாத அளவு. கதவைப் பகலில் சாத்தி வைத்தால் சந்தேகம் வரும் என்பதால் முன்பாதியை எப்போதும் திறந்தே வைத்திருந்தோம். யாராவது வந்தால் அங்கே உட்கார்த்தித் தேத்தண்ணி கொடுப்பேன். தம்பி மறிப்புக்குப் பின்னால் மூச்சு விடாமல் இருப்பான். இருட்டிய பிறகு தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மலசலகூடத்துக்குப் போய் வருவான். எங்களில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஓய்வு நாள் என்றால் மட்டும் நான் வளாகத்துக்குப் போவேன். மற்ற நாட்களில் வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன். முகாமின் கேற்றடியில் காவலரண், றோட்டில் சோதனைச்சாவடி, வாவியில் இறங்குவதற்கு நேரக் கட்டுப்பாடு. இதற்குள்ளே ஒரு கொட்டில், கொட்டிலுக்குள்ளே ஒரு மறிப்பு. உள்ளே இருந்தவன் அவன்தான். ஆனாலும் வாசலில் இருந்த எனக்கும் போவதற்கு இடமில்லை.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து அறை அன்ரி. அவர் பறங்கியர். அவருடைய வீடும் கணவரும் கடலோடு போனவை. நிவாரணத்தில் கிடைத்த தையல் இயந்திரத்தில் பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். துணி அளக்கும்போது மட்டும் அவர்களுடைய பழைய போர்த்துக்கீசத்தில் எண்ணுவார். ஒருநாள் உள்ளே வந்து, வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சொன்னார்: “உங்கட சுவர்தான் என்ட சுவர், புள்ள. கொழும்பில இரிக்கிறவன் இஞ்ச இருமுறான்.” நான் அழத் தொடங்கினேன். அவர் அதைப் பார்க்காதவர் போல, அவனுக்குத் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் வளாகத்துக்குப் போகும் நாட்கள் இரண்டு மூன்று கூடின. அன்ரி தன் இயந்திரத்தை எங்கள் வாசலில் வைத்துத் தைத்தார்.

அடுத்த வெயில் காலத்தில், ஒரு மதியம், சாப்பாட்டுக் கோப்பையை மறிப்புக்குக் கீழால் தள்ளினேன். அவன் எடுக்கவில்லை. கூப்பிட்டேன். பதிலாக ஏதோ பிதற்றினான். பலகையை நீக்கிப் பார்த்தேன். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வையில்லை. என்னை அம்மா என்று கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அன்ரி தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் வாளியில் நனைத்து அவன்மேல் போட்டார். நான் பாயால் விசிறினேன். துணி காயக் காய மறுபடி நனைத்தோம். பின்னேரம் ஆனபோது தண்ணீர் கேட்டான். அப்பா வேலையால் வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் மூவரும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த துணிகள்தான் காட்டிக்கொடுத்தன.

அன்று இரவு முழுதும் எனக்கு ஒரே எண்ணம். நான் வெப்பத்தைப் படித்தவள். வெப்பம் எப்படிப் போகும், எப்படி வரும் என்று மாணவர்களுக்குக் காட்டிச் சம்பளம் வாங்குபவள். என் தம்பி ஒரு தகரப் பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கிறான்.

ஆய்வுகூடத்திலிருந்து சில வெப்பமானிகளை அனுமதியோடு எடுத்து வந்தேன். ஒன்றைத் தென்னை நிழலில் கட்டினேன், ஒன்றை மறிப்புக்குள் தலை உயரத்தில் தொங்கவிட்டேன், ஒன்றைக் கூரைத் தகரத்தின் கீழ்ப்பக்கத்தில் களிமண்ணால் ஒட்டினேன். உள்ளே வாசிப்பைப் பார்த்துத் தம்பி மெதுவாகச் சொல்வான், நான் வெளியே பார்ப்பேன். எனக்கு வியப்பாயிருந்தது. உள்ளே இருந்த காற்று, நிழலில் இருந்த காற்றைவிடச் சில பாகைதான் கூட. அந்தக் காற்று ஒருவனை வீழ்த்தும் காற்றல்ல. ஆனால் கூரை, கைவைத்தால் தோல் போகும்.

அப்போதுதான் ஒரு தகரத்தைக் கவனித்தேன். கூரையில் தேங்காய் விழுந்து நசுங்கிய ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டிருந்தார்கள். அது இன்னும் வெள்ளி போலப் பளபளத்தது. மற்றவை உப்புக்காற்றில் துருப்பிடித்து, அடுப்புப் புகையில் கீழ்ப்பக்கம் கறுத்திருந்தன. ஸ்டூலில் ஏறி நின்று உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடித்து, பழைய தகரத்தின் கீழிருந்து புதிய தகரத்தின் கீழே மெல்ல நகர்த்தினேன். பழையதன் கீழே, அடுப்பு வாசலில் கை நீட்டியது போலச் சூடு உள்ளங்கையில் அடித்தது. புதியதன் கீழே வந்ததும் அது நின்றுவிட்டது. பளபளக்கும் உலோகம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடாது. கறுத்த பரப்பு அள்ளி வீசும். பரீட்சையில் இதற்குச் சமன்பாடு எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். வெயில் கூடவில்லை. தகரம் கறுத்திருந்தது. எங்கள் கூரை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பாகிக்கொண்டிருந்தது.

முதலில் கூரையின் மேலே சுண்ணாம்பு பூசலாம் என்று நினைத்தேன். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், தகரம் அவ்வளவு சுடாது. எங்கள் அறைக்கு மட்டும் பூசினால் ஏன் என்ற கேள்வி வரும். அதனால் வரிசை முழுவதுக்கும் பூசுவோம் என்று எல்லோரையும் சேர்த்தேன். ஆண்கள் ஏறிப் பூசினார்கள். பலன் உடனே தெரிந்தது. தம்பி அன்று பகல் தூங்கினான். மூன்றாம் வரிசைக்காரர் எப்போது எங்களுக்கு என்று கேட்டார்கள்.

அந்தக் கிழமையே இராணுவ அதிகாரி ஒருவர், தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த வரிசை மட்டும் ஏன் வெள்ளை, மேலேயிருந்து பார்ப்பவனுக்கு இது என்ன அடையாளம் என்று கேட்டார். இராணுவ முகாம்களில் வானத்தால் வந்து குண்டு போடுகிறார்கள் என்று எல்லோரும் பயந்திருந்த காலம் அது. நான் முன்னால் போய், நான்தான் பூசச் சொன்னேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதிர்வீச்சு, தெறிப்பு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் சொல்வது உண்மையா என்று பார்க்க உள்ளே வர வேண்டும் என்றார்.

எங்கள் அறைக்குள் வந்தார். கூரையைப் பார்த்தார், கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு மறிப்புத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். அந்தத் தகரத்துக்கு அடுத்த பக்கம் தம்பி. இது என்ன என்று கேட்டார். வாசலில் தைத்துக்கொண்டிருந்த அன்ரி நிமிர்ந்து பார்க்காமலே, அது குமர்ப் பிள்ளை உடுப்பு மாத்துற இடம் என்று சிப்பாயிடம் சொன்னார். சிப்பாய் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி சூடு பட்டவர் போலக் கையை எடுத்தார். நான் சொன்ன விளக்கம் சரிதான், ஆனால் சுண்ணாம்பைக் கழுவ வேண்டும் என்றார். அன்றைக்கே கழுவினோம்.

அப்பா வந்து நடந்ததைக் கேட்டதும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. “உன்ட படிப்பாலதான் அவனப் புடிச்சுக் குடுக்கப்போறாய்” என்றார். பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. நானும் வெப்பமானிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மறிப்புக்குள் மறுபடி சூடு ஏறியது.

வழியைக் காட்டியது ஒரு பால்மா பக்கற். நிவாரணத்தில் வரும் பால்மாவின் பக்கற்றுக்கு உட்பக்கம் வெள்ளித்தாள். ஒரு மதியம் வெறும் பக்கற் ஒன்றைத் தம்பி வெட்டி விரித்து, சும்மா முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். மறிப்பில் தட்டி என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, இதப் புடிச்சா முகத்தில வெயில் படுற மாதிரி இருந்தது நிண்டுட்டு. எடுத்தா மறுகா அடிக்குது. ஏன்?”

ஏன் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவனும் படித்தவன்தான். நான் பதில் சொல்லாமல் அன்ரியிடம் போனேன். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, வெள்ளிப்பக்கம் கீழே தெரிய, பக்கற்றுகளைத் தைத்து இன்னொரு கூரை தொங்கவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளித்தாளுக்கு மேலே மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு இருப்பதால் சுத்தமான உலோகம் போல வேலை செய்யாது, ஆனால் கறுத்த தகரத்துக்கு எவ்வளவோ மேல். வெள்ளிப்பக்கத்தை மேலே வைத்தால் தூசு விழுந்து கெட்டுவிடும். அன்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்புப் புகையில் இதுவும் கறுக்கும்தானே என்றார். அதற்காகக் கழற்றிக் கழுவிப் போட விளிம்பில் துணிக் காதுகள் வைத்துத் தைத்தார். சமையலை வெளியே தென்னோலைக் கிடுகு வேய்ந்த பத்திக்கு மாற்றினோம். பிள்ளைகள் முகாம் முழுக்கப் பக்கற் சேர்த்துக் கழுவிக் கொண்டுவந்தார்கள். மேற்பக்கம் உரப்பை, கீழே தெரியும்படி பக்கற். இயந்திரத்தின் ஊசி அடிக்கடி உடைந்தது.

தொங்கவிட்ட பிறகும் ஒரு குறை இருந்தது. இரண்டு கூரைக்கும் நடுவில் சூடான காற்று தேங்கி நின்றது. முகட்டுப் பக்கச் சுவரில், தகரத்தின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மடித்துவிட்டோம். காற்று மேலே போக வேண்டுமென்றால் கீழே எங்கேயாவது நுழைய வேண்டும். பின்சுவரின் அடியில், வாவிப் பக்கம், மணலைத் தோண்டி ஒரு கையளவு இடைவெளி விட்டோம். அந்த இடைவெளிதான் தம்பியின் ஜன்னலாயிற்று. கன்னத்தைப் பாயில் வைத்துப் படுத்தால் கண்ணாவின் வேரும், தண்ணீரின் ஓரமும், கொக்கின் காலும் தெரியும். மனிதக் கால்கள் தெரிந்தால் உடனே சுவர்ப் பக்கம் புரண்டுவிடுவான். ஒருநாள் இறால் பிடிக்க வந்தவர் அங்கேயே நின்று நெடுநேரம் சுருட்டுப் பிடித்திருக்கிறார். அவருடைய கால்விரல் நகம் வரை தனக்கு மனப்பாடம் என்றான் தம்பி.

அது வேலை செய்தது. மதியத்தில் அவனால் உட்கார்ந்து புத்தகம் பார்க்க முடிந்தது. பிறகு அன்ரிக்கு, அடுத்த அறைக்கு, அடுத்த வரிசைக்கு என்று முகாம் முழுவதும் பால்மா கூரை பரவியது. பெண்கள் கூடித் தைத்தார்கள். மதியத்தில் பாயோடு தென்னைக்குப் போவது குறைந்தது. அப்பா ஒருநாள் வேலையால் வந்து, சட்டையைக் கழற்றாமலே அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் டிப்போவிலிருந்து ஒரு மூட்டை வெற்றுப் பக்கற் கொண்டுவந்தார்.

எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டார். அளவுகள் இருந்தால் முதுகலைக்குப் பதியலாம், வெளிநாட்டில் இதற்கென்றே ஆய்வு செய்யும் இடம் ஒன்றை எனக்குத் தெரியும், எழுதிப் போடுகிறேன் என்றார். ஒருதரம் வந்து அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனது நல்ல அளவுகள் எல்லாம் இல்லாத ஒரு அறைக்குள், கொழும்பில் இருக்கும் ஒருவன் வாசித்துச் சொன்னவை. அளவுகளைத் தொலைத்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ஏறாவூர் கடந்ததும் தெரியவில்லை, இறங்க வேண்டிய இடமும் கடந்துவிட்டது.

மழைக்காலம் தம்பிக்கு நல்ல காலம். தகரத்தில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவருக்கே பேச்சுக் கேட்காது. அப்போது அவன் உரத்துப் பேசுவான், பாடுவான், கணக்கு ஒன்றைக் கத்திக் கத்திச் செய்வான். மழை விட்டதும் பாதிச் சொல்லில் நிறுத்துவான். மற்ற நேரங்களில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வரிசையின் சண்டைகள், கடன்கள், யார் யாரை விரும்புகிறார்கள், யார் எதற்காக அழுகிறார்கள், எல்லாம் தகரத்தின் வழியே அவனுக்கு வந்தன. முகாமை அவனளவு தெரிந்தவர் எவருமில்லை.

அன்ரிக்கு அடுத்த அறையில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். தம்பியைவிட இளையவன். ஒரு முற்பகல், அக்கா இடியப்பம் கொடுக்கப் போயிருந்த நேரம், ஒரு வான் வண்டி வந்து நின்றது. நான் வாசலில் இருந்தேன். அவனை இழுத்துக்கொண்டு எங்கள் அறையைச் சுற்றிப் பின்பக்கத்தால் கொண்டுபோனார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. எழும்பியவர்களைத் துப்பாக்கி உட்காரவைத்தது. அப்போது மறிப்புக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் மிக மெதுவாக வந்தது.

“அக்கா, நான் வெளியில வரட்டா? அவன விட்டுடுவாங்களா?”

“சத்தம் போடாத” என்றேன். வான் போய்விட்டது. அக்கா வெறும் பெட்டியோடு திரும்பி வந்தபோது முகாமில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவருடைய சத்தம் மட்டும் பல நாட்கள் கேட்டது. தம்பி அந்த நாட்களில் சாப்பாட்டைத் திருப்பித் தள்ளினான்.

கிழக்கில் சண்டை முடிந்தது என்றார்கள். ஆனால் ஆட்கள் காணாமல் போவது நிற்கவில்லை. சண்டை வடக்கே போயிற்று. மூன்று மழைக்காலம் அவன் அந்த மறிப்புக்குள் இருந்தான். ஒரு வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கேற்றடியில் சிப்பாய்கள் வருவோர் போவோருக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். வாங்காமல் விட எனக்குத் துணிவிருக்கவில்லை. அதைக் கொண்டுவந்து என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையோடு வைத்தேன். தம்பி மறிப்புக்குள்ளேயே இருந்தான். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றான். அந்தக் கொஞ்ச நாள் ஆவணியும் கடந்து போயிற்று.

கடைசியில் வெளியே வருவதற்கும் ஒரு வழி தேவைப்பட்டது. கொழும்பில் இருந்தவன் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். அப்பா அதை நேர அட்டவணை போல ஒழுங்கு செய்தார். விடியுமுன்னே அவனை டிப்போவுக்குக் கூட்டிப் போய், காலையில் கொழும்பு பஸ் வந்து சேர்ந்ததும், இறங்கியவர்களோடு சேர்த்துப் பையும் கையுமாக நடத்திவிட்டார். அன்றைக்குத்தான் பல வருடத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் தம்பிக்குக் கண்ணீர் வடிந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தார். முகாமில் எல்லோரும் கண்ணாடியையும் வெளிறிய நிறத்தையும் பார்த்து, கொழும்பு மாத்திப்போட்டுது என்றார்கள். கடையில் என்ன விற்றாய், கடற்கரை பார்த்தாயா என்று கேட்டார்கள். அவன் ஆணி, சீமெந்து, பெயின்ற் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்ரி பக்கத்தில் நின்று, சாப்பாடு சரியில்லாம மெலிஞ்சிட்டான் என்றார்.

இடியப்ப அக்கா வந்து அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார். “நீ போனபடியாத் தப்பினாய், மகன். நானும் என்ட புள்ளைய நேரத்தோட அனுப்பியிருக்கணும்” என்றார். தம்பி ஓம் என்றான். உள்ளே வந்து, மறிப்புக்குப் பின்னால் போய்ப் பாயில் படுத்துக்கொண்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் பகலில் நெடுநேரம் அங்கேதான் இருந்தான். பலகையைக் கழற்ற விடவில்லை.

அடையாள அட்டை வந்தது, கடவுச்சீட்டு எடுத்தான், கட்டார் போக ஏற்பாடாயிற்று. போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்பு என்னிடம் ஒன்று சொன்னான். அந்த முற்பகல் இடியப்ப அக்காவின் மகனைப் பின்பக்கத்தால் இழுத்துக்கொண்டு போனபோது, அந்த இடைவெளிக்கு நேரே ஒரு கணம் நின்றிருக்கிறார்கள். அந்தப் பையன் யாரையும் பார்த்து அல்ல, பொதுவாகக் கத்தியிருக்கிறான். எனக்குக் குரல்தான் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. தம்பிக்குக் கேட்டது. “அம்மாட்டச் சொல்லுங்க, சைக்கிள் காத்துப் போய் ஒட்டக் குடுத்துக் கிடக்கு எண்டு.” அவ்வளவுதான். சைக்கிளையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்” என்றேன்.

“ஓம். சொல்லாமப் போக ஏலா அக்கா.”

அவன் போய்ச் சொன்னான். நானும் கூடப் போனேன். எங்கே இருந்தான், எப்படிக் கேட்டது என்பது வரை சொன்னான். அக்கா மாவைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திரும்பச் சொல் என்றார். சொன்னான். பிறகு அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். எங்கள் அறைக்கு வந்து, மறிப்புக்குள் நுழைந்து, பாயில் கன்னத்தை வைத்துப் படுத்து, அந்த இடைவெளியால் வெளியே பார்த்தார். மேலே வெள்ளிக் கூரை லேசாக ஆடியது. நெடுநேரம் எழும்பவில்லை. நாங்கள் முன்பாதியில் காத்திருந்தோம். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, “உள்ளுக்குக் குளிராத்தான் இரிக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பியும் அவரும் சந்தியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அதை வைத்திருந்தார். பின்சுவரில், மற்றச் சைக்கிள்களுக்கு அடியில், துருப்பிடித்துக் கிடந்தது. யாராவது கேட்டு வருவார்கள் என்று இருந்ததாகவும், தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் பயமாயிருந்ததாகவும் சொன்னார். அக்கா அதை உருட்டிக்கொண்டு வந்தார். தம்பி போகும் நாள் வரை ஒவ்வொரு பின்னேரமும் வந்து, அவன் சொன்னதை இன்னொருதரம் சொல் என்று கேட்டார். அவனும் ஒவ்வொரு நாளும் சொன்னான்.

பிறகு எங்களுக்கும் கடலுக்குத் தூரமாக, உன்னிச்சைப் பக்கம் ஒரு கல்வீடு கிடைத்தது. அக்காவுக்கும் அதே இடத்தில்தான். முகாமைக் கழற்றுவதற்கு முன்பு நான் ஆய்வுகூட வெப்பமானிகளோடு போய், காலியாக இருந்த ஒரு அறையில் எல்லா அளவுகளையும் முதலிலிருந்து எடுத்தேன். அதை வைத்து முதுகலை முடித்தேன். வெளிநாட்டு இடத்துக்கு அப்போது வயது கடந்திருந்தது. அப்பாவையும் தனியே விட முடியவில்லை. இப்போது ஒரு பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பறைக் கூரைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு மற்றப் பாடசாலைகளிலிருந்தும் வருகிறார்கள். போய்ப் பார்க்கிறேன், அளக்கிறேன், சொல்கிறேன். பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்புகிறேன்.

தம்பி கட்டாரில் கட்டடங்களுக்குக் குளிரூட்டிக் குழாய் போடும் வேலையில் இருக்கிறான். வெயிலில் நிற்க வேண்டிய வேலை. வேறு வேலை தேடு என்று நான் சொன்னால், வெளியிலதானே நிக்கிறன் என்பான். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பான். நானும் அப்பாவும் பேசி முடித்த பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து அக்கா வந்து கையை நீட்டுவார். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். அவர் பேசுவது மிகக் குறைவு. கேட்டுக்கொண்டே வேலிவரை நடந்து போய்த் திரும்புவார்.